சூரியனை வைத்து ஒரு கூட்டு



சில வாரங்களுக்கு முன் மூன்றாம் படிவ வகுப்பில் மின்சாரம் பற்றிய இயலை நடத்திக்கொண்டிருந்தேன். மின் நிலையம், மின்மாற்றி, தேசிய மின்வலை என்று வெண்பலகையில் படம் வரைந்து முடித்தபின் சூரிய மின்சாரத்தின் குறைகளுக்கு வந்தேன். ‘இரவில் கிடைக்காது, மழை நாளில் குறையும்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது முன்வரிசை மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“டீச்சர், நம்ம ஊர்ல சூரியன் இறங்குனா வேற ஊர்ல ஏறிக்கிட்டுத்தானே இருக்கும்? அங்கருந்து ஒரு வயர இழுத்தா என்ன?”

வகுப்பே சிரித்தது. “கடல்ல வயர் போட்டா மீனுக்கு ஷாக் அடிக்கும்” என்றான் பின்வரிசையில் ஒருவன். சிரிப்பு இன்னும் கூடியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் சிரித்தேன். “நல்ல கற்பனை, உட்காரும்மா” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அது எவ்வளவு சரியான கேள்வி என்பது உறைத்தது. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே இதே யோசனையைச் சொன்னார். 2018ஆம் ஆண்டில் அனைத்துலகச் சூரிய ஆற்றல் கூட்டணியின் மாநாட்டில் ‘ஒரே சூரியன், ஒரே உலகம், ஒரே மின்வலை’ என்ற திட்டத்தை இந்தியா முன்மொழிந்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரிட்டனும் இந்தியாவும் சேர்ந்து அதை முறைப்படி தொடங்கி வைத்தன. உலகத் தலைவர்கள் மேடையில் பேசிய ஒன்றைத்தான் அந்த மாணவி வகுப்பில் கேட்டாள். அவளுக்கு நான் தர வேண்டிய பதிலை இங்கே உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சூரியன் போடும் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கு. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் 15 பாகை, 4 நிமிடத்தில் ஒரு பாகை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் எந்த ஊரில் எப்போது வெயில் என்பதை உலக வரைபடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

சுங்கை பட்டாணி ஏறக்குறைய 100.5 பாகை கிழக்குத் தீர்க்க ரேகையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி என்ற ஊரில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் திறன் கொண்ட பெரிய சூரிய மின் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. கமுதி ஏறக்குறைய 78.4 பாகையில் இருக்கிறது. வித்தியாசம் 22 பாகை. அதை நான்கால் பெருக்குங்கள்: 88 நிமிடம். அதாவது நமக்கு இருட்டிய பிறகு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கமுதியில் இருட்டும். இன்னும் மேற்கே போனால், அபுதாபிக்கும் நமக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். மொரோக்கோவின் வார்சசாத் என்ற ஊரில் பாலைவனத்தையொட்டிப் பெரிய சூரிய மின் நிலையங்கள் உள்ளன. நாம் மாலை 7.30க்கு விளக்கைப் போடும்போது அங்கே சூரியன் இன்னும் உச்சிக்குக்கூட வந்திருக்காது.

கிழக்குப் பக்கமும் பாருங்கள். காலை 6.30க்கு நீங்கள் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது கெடாவில் இன்னும் இருட்டு விலகியிருக்காது. அதற்குக் காரணம் நம் கடிகாரம். 1982ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னுக்குத் தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டது. அதனால் மேற்குக் கோடியில் இருக்கும் நமக்கு உச்சிவெயில் பகல் 12 மணிக்கு வருவதில்லை. 1 மணிக்குமேல்தான் வருகிறது. நீங்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வெயில் நன்றாக ஏறியிருக்கும்.

ஆக, சூரியன் மறைவது ஊருக்குத்தான், உலகத்துக்கு அல்ல. அந்த மாணவி கேட்டதில் பாதிக்கு இதுவே பதில். மீதிப் பாதி, அந்த வயரை உண்மையிலேயே இழுக்க முடியுமா என்பது.

குரூணில் இருக்கும் வயர்

அப்படிப்பட்ட ஒரு வயரைப் பார்க்க நீங்கள் மொரோக்கோவுக்குப் போக வேண்டாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜெராய் மலையைப் பார்த்தபடி குரூணைக் கடந்து போயிருப்பீர்கள். அந்தக் குரூணில் ஒரு மின்மாற்று நிலையம் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் கம்பி எல்லை தாண்டித் தாய்லாந்தின் சொங்க்லா மாநிலத்தில் உள்ள குளோங் ஙே என்ற இடத்தில் போய் முடிகிறது. நீளம் 110 கிலோமீட்டர். மின்னழுத்தம் 300 கிலோவோல்ட். கொண்டுசெல்லும் ஆற்றல் 300 மெகாவாட். 2002ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. 300 மெகாவாட் என்றால், 2 கிலோவாட் தண்ணீர்க் கெட்டில்கள் 150,000ஐ ஒரே நேரத்தில் போட்டால் ஆகும் அளவு.

இனி உங்கள் பாடத்துக்கு வாருங்கள். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. 300 மெகாவாட்டை 300 கிலோவோல்ட்டால் வகுத்தால் 1000 ஆம்பியர். அதே 300 மெகாவாட்டை 30 கிலோவோல்ட்டில் அனுப்பப் பார்த்தால் 10,000 ஆம்பியர் ஓட வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டம் 10 மடங்கானால் இழப்பு 100 மடங்கு. தூரம் கூடக்கூட மின்னழுத்தத்தையும் ஏன் கூட்ட வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதா? மின்மாற்றி பற்றி நீங்கள் மனப்பாடம் செய்வதெல்லாம் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

குரூண் கம்பியில் இன்னொரு சிறப்பு உண்டு. நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம்; உங்கள் பாடநூலில் ‘ஆருஸ் உலாங் ஆலிக்’ என்று இருக்கும். குரூணிலிருந்து தாய்லாந்துக்குப் போவதோ நேர்மின்னோட்டம், ‘ஆருஸ் தெருஸ்’. ஏன் இப்படி மாற்றி அனுப்ப வேண்டும்?

தைப்பூசத்தில் இரண்டு உறுமி மேளக் குழுக்கள் அடுத்தடுத்து வருவதை நினைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் தாளம் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒரு குழு தடுமாறினால் மற்றதும் தடுமாறும். மாறுதிசை மின்வலைகளும் அப்படித்தான். மலேசியாவிலும் தாய்லாந்திலும் நொடிக்கு 50 சுழற்சி என்பதே கணக்கு என்றாலும், இரண்டும் தனித்தனித் தாளத்தில் ஓடுபவை. இடையில் நேர்மின்னோட்டத்தைப் போட்டால் தாளம் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பக்கத்துத் தடுமாற்றம் அப்படியே மறுபக்கம் தாவுவதும் இல்லை. கடலடிக் கம்பிக்கும் நேர்மின்னோட்டமே ஏற்றது. மாறுதிசை மின்னோட்டமாக இருந்தால், நீண்ட கடலடிக் கம்பியை ஒவ்வொரு சுழற்சியிலும் நிரப்பிக் காலி செய்வதிலேயே அதன் கொள்ளளவில் பெரும்பகுதி போய்விடும்.

இந்தத் தொழில்நுட்பம் இன்று எவ்வளவு தூரம் எட்டுகிறது? சீனாவில் சின்ஜியாங்கிலிருந்து அன்ஹுய் வரை 1100 கிலோவோல்ட்டில் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்மின்னோட்டக் கம்பி 2019 முதல் இயங்குகிறது. சுங்கை பட்டாணிக்கும் கமுதிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 2,500 கிலோமீட்டர்தான். கடலுக்கடியில் நார்வேயையும் பிரிட்டனையும் 720 கிலோமீட்டர்க் கம்பி ஒன்று 2021 முதல் இணைக்கிறது. அதில் மீன்களுக்கு ஷாக் அடிப்பதில்லை. கம்பி காப்புறைக்குள் இருக்கிறது. பின்வரிசை நண்பர் நிம்மதியாகத் தூங்கலாம்.

நமக்கும் இந்தியாவுக்கும் நடுவில் இருப்பது ஆழ்கடல். அங்கே கம்பி போடுவது மிகக் கடினம், மிகுந்த செலவு. நாளைக்கே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடியவே முடியாத காரியம் என்று சிரித்துத் தள்ளுவதற்கும் இடமில்லை.

லாவோஸ் தண்ணீரும் சிங்கப்பூர் விளக்கும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லாவோஸ் நாடு தன் நீர்மின்சாரத்தில் 100 மெகாவாட் வரை சிங்கப்பூருக்கு விற்கத் தொடங்கியது. இடையில் தாய்லாந்தும் மலேசியாவும் இருக்கின்றன. புதிய கம்பி எதுவும் இதற்காகப் போடப்படவில்லை. ஏற்கெனவே இருக்கும் இணைப்புகளே பயன்பட்டன. தாய்லாந்துக்கும் நமக்கும் இடையிலான வாசல் குரூண்தான்.

லாவோஸில் பிறந்த மின்சாரமே சிங்கப்பூரில் போய் எரிகிறதா என்று கேட்காதீர்கள். அலோர் ஸ்டாரில் நீங்கள் வங்கியில் போடும் பத்து ரிங்கிட் தாளை உங்கள் அண்ணன் ஜொகூரில் எடுப்பதில்லை. அவர் எடுப்பது வேறு தாள். கணக்குத்தான் சரியாக இருக்க வேண்டும். மின்வலையும் அப்படியே. லாவோஸ் தாய்லாந்துக்குக் கொடுக்கிறது, தாய்லாந்து நமக்குக் கொடுக்கிறது, நாம் சிங்கப்பூருக்குக் கொடுக்கிறோம். அளவு பார்த்துக் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள்.

இது நீர்மின்சாரம், இதில் சூரியன் எங்கே வந்தது என்று கேட்கலாம். குரூணிலேயே சுமார் 65 மெகாவாட் உச்சத் திறன் கொண்ட சூரிய மின் நிலையம் 2018 முடிவில் இயங்கத் தொடங்கியது. கோல கெட்டிலில் 50 மெகாவாட், புக்கிட் செலம்பாவில் 30 மெகாவாட் என்று பால்மரத்துக்கும் செம்பனைக்கும் பெயர்போன நம் வட்டாரத்தில் இப்போது கண்ணாடித் தகடுகளும் வரிசை கட்டி நிற்கின்றன. பகலில் நம் தகடுகள் மின்சாரம் தரும்போது, வலையில் இணைந்திருக்கும் ஓர் அணை தன் தண்ணீரைத் திறக்காமல் வைத்துக்கொள்ளலாம். இரவில் திறந்துவிடலாம். பெடு, மூடா அணைகள் மழைக்காலத் தண்ணீரைப் பிடித்து வைத்து வறட்சியில் நெல்வயலுக்கு விடுவதுபோல, நம் பகல் வெயிலை யாரோ ஓர் ஊரின் அணை பிடித்து வைத்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நார்வேக்கும் பிரிட்டனுக்கும் இடையில் நடப்பது இதுதான். பிரிட்டனில் காற்று பலமாக அடித்தால் அந்த மின்சாரம் நார்வேக்குப் போகிறது. நார்வேயின் தண்ணீர் மிச்சமாகிறது.

பேட்டரி இருக்கும்போது கம்பி எதற்கு என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பேட்டரி விலை குறைந்துகொண்டே வருகிறது. பகல் மின்சாரத்தை இரவுக்கு நகர்த்த அது நல்ல வழி. ஆனால் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கெடாவில் நாள் கணக்கில் மேகம் மூடிக் கிடக்கும்போது, பேட்டரியில் போடுவதற்கே மின்சாரம் குறைந்துவிடும். அப்போது வெயில் அடிக்கும் ஊரிலிருந்தோ தண்ணீர் இருக்கும் ஊரிலிருந்தோ வாங்கத்தான் வேண்டும். பேட்டரி நேரத்தைக் கடக்க உதவும், கம்பி தூரத்தைக் கடக்க உதவும். இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து.

அம்மாக்களின் கூட்டு

தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது என்றால் உலக மின்வலை ஏன் இன்னும் வரவில்லை? இதற்கான பதிலை இயற்பியல் பாடத்தில் தேடினால் கிடைக்காது. உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். கூட்டு போட்ட அனுபவம் அவர்களுக்கு இருக்கும்.

பத்துப் பேர் சேர்ந்து மாதம் நூறு ரிங்கிட் போடுவார்கள். மாதம் ஒருவர் மொத்தத் தொகையை எடுப்பார். பள்ளிச் செலவு வந்தவர் ஜனவரியில் எடுப்பார். தீபாவளிக்கு வேண்டியவர் அக்டோபரில் எடுப்பார். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தேவை வராது என்பதால்தான் கூட்டு நடக்கிறது. உலக மின்வலையும் இதே கணக்குத்தான். எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் இருட்டாது. வெயில் உள்ளவர் போடுகிறார், இருட்டில் உள்ளவர் எடுக்கிறார்.

ஆனால் கூட்டு எடுத்தவர் அடுத்த மாதமே ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகும்? நம் நாட்டில் இதற்காகவே 1971ஆம் ஆண்டில் ஒரு தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல்லான ‘கூட்டு’ இருக்கிறது. கூட்டைத் தொழிலாக நடத்துவது குற்றம். எவ்வளவு பேர் ஏமாந்திருந்தால் ஒரு நாடு சட்டமே போட்டிருக்கும்! நம்பிக்கையும் எழுதப்பட்ட விதியும் இல்லாத கூட்டு நிலைக்காது.

நாடுகளுக்கிடையிலும் இதே சிக்கல்தான். இந்தியாவையும் இலங்கையையும் மின்கம்பியால் இணைப்பது பற்றிப் பல பத்தாண்டுகளாகப் பேசுகிறார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் உள்ள கடல் 30 கிலோமீட்டர் அளவுதான், ஆழமும் குறைவு. இருந்தும் 2025 ஏப்ரலில்தான் இதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. சீனாவில் ஒரே நாட்டுக்குள் 3,300 கிலோமீட்டரைத் தாண்டிய கம்பி, இங்கே 30 கிலோமீட்டர் கடலுக்கு முன்னால் இத்தனை காலம் நின்றிருக்கிறது. தடுத்தது தூரம் அல்ல.

நம் கதையும் உண்டு. 2021 அக்டோபரில் மலேசியா தன் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைச் சிங்கப்பூருக்கு விற்பதில்லை என்று அறிவித்தது. நம் பசுமை மின்சாரம் முதலில் நமக்கு வேண்டும் என்பது ஒரு வாதம். விற்றால் வருமானம் வரும், இங்கே புதிய சூரிய நிலையங்கள் பெருகும் என்பது மறு வாதம். 2023 மே மாதம் அந்தத் தடை நீக்கப்பட்டது. எது சரி என்று நீங்களே வகுப்பில் விவாதித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், விற்பது தவறில்லை; எந்த நிபந்தனையில் விற்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இணைந்திருப்பது வலிமை, சில சமயம் அதுவே சிறை. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய மூன்று நாடுகளும் சோவியத் காலத்திலிருந்து ரஷ்யாவின் மின்வலையோடு தாளம் சேர்ந்திருந்தன. உறவு கெட்ட பிறகு அந்தப் பிணைப்பே அவர்களுக்குப் பயமாகிவிட்டது. 2025 பிப்ரவரி 8ஆம் நாள் அதைத் துண்டித்துக்கொண்டு, மறுநாள் ஐரோப்பிய மின்வலையில் சேர்ந்தார்கள். வலைக்குள் நுழையும்போதே வெளியே வரும் வழியையும் யோசித்து வைக்க வேண்டும் என்பதற்கு இது பாடம்.

எனக்கு எட்டு வயதில் வந்த இருட்டு

இணைப்பின் இன்னோர் ஆபத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1996 ஆகஸ்ட் 3, ஒரு சனிக்கிழமை. மாலையில் திடீரென்று மின்சாரம் போனது. நம் தோட்டத்தில் மட்டும்தான் என்று நினைத்தோம். பிறகு பார்த்தால் சுங்கை பட்டாணியிலும் இல்லை, கோலாலம்பூரிலும் இல்லை. ஓரிடத்தில் தொடங்கிய கோளாறு பரவித் தீபகற்ப மலேசியா முழுவதையும் இருட்டாக்கிவிட்டது. 2012 ஜூலையில் வட இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் இப்படி நடந்தபோது 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. வலை பெரிதானால் விழுவதும் பெரிதாக இருக்கலாம். அதனால்தான் நாடுகளுக்கிடையில் குரூணில் உள்ளதுபோல நேர்மின்னோட்ட இணைப்புகள் வேண்டும் என்கிறேன். அவை தீயைத் தடுக்கும் சுவர்போல நடுவில் நிற்கும்.

ஆனால் அன்று இரவைப் பற்றி என் மனத்தில் நிற்பது அறிவியல் அல்ல. லயத்து வீட்டு வாசலில் பாயை விரித்துப் படுத்திருந்தோம். பிள்ளைகள் பயந்து அழுதார்கள். என் பாட்டி மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இருட்டு நமக்கு என்ன புதுசா?” என்றார்.

பிறகுதான் அப்பா சொன்னார். அவர் படித்த காலத்தில் அந்தத் தோட்டத்துக்கு வெளி மின்சாரம் கிடையாது. ஜெனரேட்டர்தான். மாலை 6 மணிக்குப் போடுவார்கள், இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் மண்ணெண்ணெய் விளக்கு. துரை பங்களாவில் மட்டும் விடியவிடிய வெளிச்சம் இருக்கும். இதில் வேதனை என்னவென்றால், தோட்டத்துக்கு மேலேயே உயரமான கோபுரங்களில் மின்கம்பி போய்க்கொண்டிருந்தது. பால் வெட்டப் போகிறவர்கள் அதன் அடியில்தான் நடந்து போவார்கள். மழை நாளில் அந்தக் கம்பி ‘ஸ்ஸ்’ என்று இரைவது கேட்குமாம். எங்கேயோ ஒரு பட்டணத்துக்கு வெளிச்சம் கொண்டுபோன கம்பி, தனக்கு அடியில் இருந்த வீடுகளுக்கு இறங்கி வரவில்லை.

உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். கெடாவில் பல தோட்டங்களில் இதே கதையைச் சொல்வார்கள்.

உலக மின்வலை பற்றி யார் பேசினாலும் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கம்பிதான். 2009ஆம் ஆண்டில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல சேர்ந்து, சகாரா பாலைவனத்தின் வெயிலை மின்சாரமாக்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகலாம் என்று ‘டெசர்டெக்’ என்ற பெரும் திட்டத்தோடு கிளம்பின. நினைத்தபடி அது நடக்கவில்லை. செலவு ஒரு காரணம், நாடுகளுக்கிடையிலான உடன்பாடு இன்மை மற்றொரு காரணம். ஆனால் அப்போது பலர் கேட்ட கேள்வி ஒன்று முக்கியமானது. சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கோடி மக்களுக்கு இன்னும் மின்சாரம் இல்லை. ஆப்பிரிக்காவின் வெயில் கடல் தாண்டிப் போவதற்குமுன் ஆப்பிரிக்கப் பிள்ளையின் புத்தகத்துக்கு வெளிச்சம் தர வேண்டாமா?

என் கருத்து இதுதான்

உலக மின்வலை வேண்டும். நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துக்கொண்டே இருக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். சூரியனை மட்டும் நம்பினால் இரவும் மழையும் இடிக்கும். ஒருவர் வெயிலை ஒருவர் பகிர்ந்துகொள்வதே அதற்கு நல்ல வழி. ஆனால் ஒரே நாளில் உலகம் முழுவதையும் இணைக்கும் பெரிய கனவைவிட, அண்டை வீட்டோடு தொடங்கும் சிறிய கூட்டையே நான் நம்புகிறேன். ஆசிய நாடுகளில் நம் ஆசியான் 1997 முதலே பொது மின்வலை பற்றிப் பேசி வருகிறது. அந்த வலையின் முடிச்சு ஒன்று குரூணில் ஏற்கெனவே இருக்கிறது. முடிச்சு முடிச்சாக அது வளரட்டும். லாவோஸ், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்று நாலு பேர் ஒழுங்காகக் கணக்கு வைத்துக் காட்டினால், ஐந்தாமவர் தானாக வந்து சேர்வார்.

அதற்கு இரண்டு நிபந்தனைகள் வைக்கிறேன். முதலாவது, விதி எழுத்தில் இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தாலும் ஒவ்வொரு நாடும் தன் மருத்துவமனைகளையும் தண்ணீர்க் குழாய்களையும் தானே ஓட்டிக்கொள்ளும் அளவுக்குச் சொந்தக் கையிருப்பு வேண்டும். இரண்டாவது, கம்பி எந்த ஊரின்மேல் போகிறதோ, தகடு எந்த மண்ணில் நிற்கிறதோ, அந்த ஊருக்கு அதில் பங்கு வேண்டும். வெளிச்சமாக, வேலையாக, பள்ளிக்கூடக் கூரையில் நாலு தகடாக ஏதாவது ஒரு வடிவில் அந்தப் பங்கு வந்து சேர வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் உலக மின்வலை என்பது உலக அளவில் ஒரு துரை பங்களாவாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், இந்த விதிகளை எழுதப்போகிறவர்களின் வயது இப்போது பதினைந்து. குரூணிலும் கோல கெட்டிலிலும் உள்ள நிலையங்களுக்குப் பராமரிப்புத் தொழில்நுட்பர்கள் வேண்டும். மின்வலையைக் கட்டுப்படுத்தப் பொறியாளர்கள் வேண்டும். நாடுகளுக்கிடையில் ஒப்பந்தம் எழுத வழக்கறிஞர்கள் வேண்டும். ‘அந்தக் கம்பிக்கு அடியில் இருப்பது யார் வீடு?’ என்று கூட்டத்தில் எழுந்து கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் தோட்டத்திலிருந்து வந்தவராக இருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாக இருக்கும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். அடுத்த வெயில் நாளில் பள்ளித் திடலில் ஒரு மீட்டர் நீளக் குச்சியை நேராக நட்டு வையுங்கள். பகல் 12.45லிருந்து 1.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதன் நிழலை அளந்து எழுதுங்கள். நிழல் மிகக் குட்டையாகும் நேரமே உங்கள் ஊரின் உண்மையான உச்சிப்பொழுது. அது 1 மணிக்கும் 1.35க்கும் இடையில் வரும். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறும். பிறகு உலக வரைபடத்தை எடுத்து, உங்கள் நிழல் குட்டையாக இருந்த அதே நிமிடத்தில் எந்த நாட்டில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது, எந்த நாட்டில் மறைந்துகொண்டிருந்தது என்று கணக்கிடுங்கள். உங்களோடு கூட்டு போடக்கூடியவர்களின் பட்டியல் கையில் இருக்கும்.

கேள்வி கேட்ட அந்த மாணவியிடம் அடுத்த பாட வேளையில் மன்னிப்புக் கேட்டேன். “வயர் ஏற்கெனவே இருக்குதும்மா, குரூண்ல” என்றேன். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, “அப்ப அத யாரு எழுதி வச்சிருக்காங்க டீச்சர், யாரு போட்டா, யாரு எடுத்தான்னு?” என்று கேட்டாள்.

இந்த முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.